செக்குபந்தியாரும் விசாலாட்சியும்

கட்டிய மனைவியை நான்கு எல்லை சொல்லி அறிமுகப்படுத்தியவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ஓசூரில் இருந்தார். முதல் தடவை நான் அவர் வீட்டுக்குப் போனபோது கூடத்துச் சுவரில் ஒரு குடும்பப் படம் மாட்டியிருந்தது. என்னை அதற்கு முன்னால் நிறுத்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என் மச்சானுக்கு மேற்கு, மாமியாருக்குக் கிழக்கு, செவுத்துக்குத் தெற்கு, எனக்கு வடக்கு, இதுக்கு மத்தியில நிக்கறது என் சம்சாரம்" என்றார். அந்த அம்மாளோ அப்போது காபித் தம்ளருடன் எனக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். திரும்பி "இவதான்" என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. அது அவருக்குத் தோன்றவில்லை.

அவர் பத்திரம் எழுதுகிறவர். ஐம்பதுகளில் ஓசூர் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே புங்கமரத்தடியில் ஒரு சாய்வு மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கன்னடத்தில் பேரம் பேசுவார், தெலுங்கில் திட்டுவார், தமிழில் எழுதுவார். நிலம் விற்கும் பத்திரத்தில், அந்த நிலத்துக்குக் கிழக்கே யார், மேற்கே என்ன என்று நான்கு பக்கமும் சொல்லும் பகுதிக்கு அந்தச் சீமையில் செக்குபந்தி என்று பெயர். முப்பது வருஷமாக தினம் அதை எழுதி எழுதி மனிதருக்கு அது ரத்தத்தில் ஏறிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை ஊர் மறந்துபோய் அவரைச் செக்குபந்தியார் ஆக்கிவிட்டது. அவருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு தடவை பல்வலி வந்து டாக்டரிடம் போனார். எந்தப் பல் என்று டாக்டர் கேட்டார். விரலை வைத்துக் காட்டுகிற ஜாதியா இவர்? "கடைவாய்ப் பல்லுக்குக் கிழக்கு, சிங்கப் பல்லுக்கு மேற்கு, கன்னத்துக்குத் தெற்கு, நாக்குக்கு வடக்கு" என்று ஆரம்பித்தார். டாக்டர் குழம்பிப்போய் கிழக்கு எல்லையைப் பிடுங்கிவிட்டார். சிங்கப் பல் போன வாயோடு அவர் திரும்பி வந்து, "தப்பு அவர் மேல இல்ல தம்பி, நான் தலையைச் சாச்சு உக்காந்ததில திசை மாறிடுச்சு" என்று டாக்டருக்காக வாதாடினார். அப்படிப்பட்ட நல்ல மனிதர்.

நான் அந்த ரிஜிஸ்தர் ஆபீசில் காப்பிஸ்ட். செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக அந்தக் குளிரில் போய் விழுந்தவன். பதிவாகிற ஒவ்வொரு பத்திரத்தையும் பெரிய புத்தகத்தில் அப்படியே பார்த்து எழுத வேண்டியது என் வேலை. சேர்ந்த முதல் நாளே தலைமைக் குமாஸ்தா எனக்கு ஒரே ஒரு உபதேசம் செய்தார். "படிக்காதே. எழுது. படிச்சா உன் புத்தி குறுக்கே வரும், தப்பு வரும்." நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரே வருஷத்தில், கண்ணில் விழுகிற எழுத்து மூளைப் பக்கமே போகாமல் நேராகக் கைக்கு இறங்கிவிடும் நிலைக்கு வந்துவிட்டேன். என் சித்தப்பா இறந்துபோன கடிதத்தைக்கூட ஒருமுறை முழுதும் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். மறுநாள்தான் அதில் என்ன எழுதியிருந்தது என்று எடுத்துப் படித்தேன்.

இனி நாவலுக்கு வருகிறேன்.

செக்குபந்தியார் நாவல் எழுதக் காரணமானவர் ஹைஸ்கூல் தமிழய்யா. வாசகசாலை ஆண்டு விழாவில் செக்குபந்தியார் ஆசை ஆசையாக ஒரு பாட்டு எழுதி வந்து வாசித்திருக்கிறார். முடித்ததும் தமிழய்யா எழுந்து, "பத்திரம் ரொம்ப நல்லாயிருக்கு. முத்திரைத்தாள்ல எழுதாததுதான் குறை" என்றாராம். சபையே சிரித்தது. செக்குபந்தியாரும் கூடச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். தன் கையால் பத்திரம் அல்லாத ஒன்றை, பத்திரத்தின் வாடைகூட அடிக்காத ஒன்றை, வாழ்நாளில் ஒரே ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானம் செய்தவர், ஏழு வருஷம் எழுதினார். நாவலின் பெயர் 'விசாலாட்சியின் விடை'. 'மேற்படி' என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் இல்லை என்று என்னிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவருக்கு அது வெங்காயத்தை விட்ட மாதிரி கஷ்டமான விரதம்.

அவர் சம்சாரம் ராஜம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. தமிழ் பேச வரும், படிக்க வராது. ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, நீங்களாச்சும் நெசத்தைச் சொல்லுங்க. யாரு அந்த விசாலாட்சி? தூக்கத்துல அவ பேரைச் சொல்றாரு. நேத்து சாப்பிடறப்ப, 'பாவம் அவ சாப்பிட்டிருக்க மாட்டா'ங்கறாரு" என்று கண்ணைக் கசக்கினார். அது கதையில் வருகிற பெண், இல்லாத பெண் என்று நான் எடுத்துச் சொன்னேன். "இல்லாதவளுக்கே இவ்வளவுன்னா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

முதலில் செக்குபந்தியார் கையெழுத்துப் பிரதியைப் பட்டணத்துப் பதிப்பாளர் ஒருவருக்கு அனுப்பினார். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நானூத்திப் பத்துப் பக்கத்தை ஒரு வாரத்துல படிச்சு முடிச்சிருக்காங்க! கீழ வெக்க மனசு வரலை போல. ஏதோ இடவசதி இல்லாம திருப்பியிருக்காங்க" என்று மரத்தடியில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம்தான் கட்டைப் பிரிக்க உட்கார்ந்தார். பத்திரக்காரர் ஆனதால் முடிச்சுகளின் மேல் அரக்கு வைத்து முத்திரை போட்டு அனுப்பியிருந்தார். அந்த அரக்கு உடையவே இல்லை. கட்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் வாங்கிக் கொடுத்த காபியை நானும் குடித்திருந்தேன்.

தானே அச்சிடுவது என்று முடிவானது. கிருஷ்ணகிரியில் கல்யாணப் பத்திரிகையும் மஞ்சள் நோட்டீசும் அடிக்கிற ஒரு அச்சகம். அச்சகக்காரர் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இதை எறும்பு எழுதிச்சா, ஆளு எழுதினாரா? நல்லா பிரிச்சு எழுதிக் குடுத்தாத்தான் என் ஆளுங்க அச்சுக் கோப்பாங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் என் தலையில் விழுந்தது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைத் தவிர அந்த நாளில் என்னிடம் பெருமைப்பட ஒன்றும் கிடையாது.

தினமும் ஆபீஸ் விட்டதும் பத்துப் பக்கம் எழுதிக் கொடுப்பேன். ஆபீசில் எப்படி எழுதுவேனோ அப்படித்தான். ஒரு வரி படித்தது கிடையாது. ஆனால் அவர் விடுவாரா? மறுநாள் காலை மரத்தடியில் காத்திருப்பார்.

"என்ன தம்பி, பதினாலாம் அத்தியாயம் எப்படி?"

"அபாரங்க அய்யா."

"அழுகை வந்துச்சா?"

"வராம இருக்குமா?"

"விசாலாட்சி செஞ்சது சரின்னு நெனைக்கறியா?"

"அவங்க நெலமையில யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க."

இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். எந்த அத்தியாயத்துக்கும் பொருந்தியது. அவர் என் தோளில் கை போட்டு, வருகிற போகிற குடியானவர்களிடம் எல்லாம், "என் கதையை முழுசாப் படிச்ச ஒரே ஆளு இந்தப் புள்ளைதான்" என்று காட்டுவார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கொஞ்சம்தான்.

அச்சு ஆரம்பித்ததும் அவருடைய மனநிலை மழைக்காலத்து வெயில் மாதிரி ஆகிவிட்டது. முதல் புரூபை அவரே போய்ப் பார்த்தார். ஒரு பக்கத்தில் நாற்பது திருத்தம் செய்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, கடைசியில் 'இந்தப் பக்கத்தில் அடித்தல் இருபத்தாறு, கூடுதல் பதினாலு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அச்சகக்காரர் எனக்கு ஆள் அனுப்பினார். "அவரு இன்னொரு தடவை படியேறினாருன்னா நான் பிரஸ்ஸை மூடிட்டு காவேரிப்பட்டினத்துல மாங்கா வியாபாரம் பாக்கப் போயிடுவேன்." அதனால் அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்ப் புரூப் பார்த்தவனும் நான்தான். என்னுடைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். வழக்கம்போலப் படிக்கவில்லை.

இதற்கு நடுவில் மாநிலங்களைப் பிரிக்கிற பேச்சு வந்தது. ஓசூர் இந்தப் பக்கமா, மைசூர்ப் பக்கமா என்று ஊரே கவலைப்பட்டது. செக்குபந்தியாருக்கு வேறு கவலை. "ஊரு மைசூருக்குப் போயிட்டா விசாலாட்சி என்ன பாஷை தம்பி பேசுவா? கன்னடத்துல அவளுக்கு அழத் தெரியாதே!" என்று அச்சகத்துக்கு 'நிறுத்தவும்' என்று தந்தி அடித்தார். மறுநாள் மனசு கேட்காமல் 'நடத்தவும்' என்று அடித்தார். அதற்கு மறுநாள், புத்தகம் வந்தால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று கனவு கண்டு மறுபடியும் 'நிறுத்தவும்'. தந்தி ஆபீஸ்காரர் நான்காம் நாள் இவர் தலையைக் கண்டதுமே, "நடத்தவுமா அய்யா?" என்று ஃபாரத்தை எடுத்துக்கொண்டார். இந்தத் தந்திகளை எல்லாம் அச்சகக்காரர் பிரிக்காமலே வைத்திருந்தார். அதனால்தான் புத்தகம் வெளிவந்தது.

பத்திர வழக்கத்தில் ஒரு முறை உண்டு. எழுதி முடித்த பத்திரத்தை எழுதியவர் உரக்கப் படிக்க வேண்டும். எழுதிக் கொடுக்கிறவர், அதாவது நிலத்தை விற்கிறவர், கேட்டு, "சரி" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அது செல்லும். புத்தகத்துக்கும் அதே நியாயம்தான் என்று செக்குபந்தியார் முடிவு கட்டிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வாசகசாலையில் ஜமக்காளம் விரித்தார்கள். அவருக்குத் தெரிந்த ஜனம் எல்லாம் பத்திரத்துக்கு வந்த ஜனம்தானே, அவர்களுக்கே சொல்லி அனுப்பியிருந்தார். கெலவரப்பள்ளியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நாட்றாம்பாளையத்து முனியப்பா மலையிறங்கி வந்திருந்தார். வந்ததும் வராததுமாக இடது கட்டை விரலை நீட்டி, "எங்க வெக்கணும் சாமி ரேகை?" என்று கேட்டார். "இதுக்கு ரேகை வேணாம்பா, கேட்டாப் போதும்" என்றார் செக்குபந்தியார். முனியப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. விரலைத் தயாராகவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முன்வரிசையில், மடித்த அங்கவஸ்திரத்துடன், தமிழய்யா.

புத்தகக் கட்டு அன்று காலை பஸ்ஸில்தான் வந்து இறங்கியிருந்தது. செக்குபந்தியார் ஒரு பிரதியை எடுத்து முகர்ந்து பார்த்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், பிரிக்கப் பயந்து மறுபடியும் துண்டில் சுற்றி வைத்துவிட்டார். சபையில்தான் முதன்முதலாகப் பிரித்தார். படிக்க எடுத்துக்கொண்டது கடைசி அத்தியாயம். கதாநாயகன் சுந்தரேசன் பெங்களூர் மில்லுக்கு வேலைக்குப் போகிறான். பஸ் வந்துவிட்டது. ஏரிக்கரையில் விசாலாட்சி. சுந்தரேசன் அவளிடம் விடைபெற்றுக்கொண்டு சொல்கிறான்:

"விசாலா! இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இதில் யாதொரு வில்லங்கமும் இல்லை. பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தோன்றினால் அதை நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கக் கடவேன்."

முப்பது வருஷத்துப் பழக்கம். 'இன்று முதல்' என்றதும் அவருடைய நாக்கு தடங்கலே இல்லாமல், ராகத்தோடு, கடைசிவரை ஓடிவிட்டது. சபையும் பழக்க தோஷத்தில் ஒரே குரலாக, "சரிங்க!" என்றது. முனியப்பா கட்டை விரலை நீட்டிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் செக்குபந்தியார் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார். அச்சிலும் அதேதான் இருந்தது.

தமிழய்யா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அங்கவஸ்திரம் நழுவி விழுந்துவிட்டது. "தன் மனசை அவளுக்கு எழுதி வெச்சு, அதை விக்கறதுக்கும் உரிமை குடுத்துட்டானா! பேஷ். சொன்னேனே, இவர் எழுதினா வேற எப்படி இருக்கும்?" என்றார். ஆனால் மற்ற ஜனம் சிரிக்கவில்லை. அதுவரை சுந்தரேசன் பேசிய செந்தமிழ் ஒன்றும் புரியாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கெலவரப்பள்ளியிலிருந்து வந்த ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முனியப்பா, "இதான்யா ஆம்பளை! வாயில சொல்றவன் பஸ் ஏறினதும் மறந்துபுடுவான். இவன் எழுதியே குடுத்துட்டானே, எங்க போவான்?" என்று தொடையைத் தட்டினார்.

செக்குபந்தியார் காதில் எதுவும் விழவில்லை. புத்தகத்தை மெதுவாக மூடினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே நடந்தார். நான் அங்கேயே, கடைசி வரிசையில், உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அந்த வரிகளை எழுதிய கை என் மடியில்தான் இருந்தது. 'இன்று முதல்' என்று கண்ணில் பட்டதும், வீட்டு வழி தெரிந்த வண்டிமாடு மாதிரி, என் கை தானாகவே பத்திரத்துக்குள் புகுந்து வெளியே வந்திருக்கிறது. அப்புறம் என் பிரதியை வைத்தே புரூபும் பார்த்தேன். பொருந்தாமல் என்ன செய்யும்?

மூன்று நாள் மரத்தடி மேஜை காலியாகக் கிடந்தது. நான்காம் நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ராஜம்மா, "மூணு நாளா அன்னம் தின்லேது தம்பி" என்று தெலுங்கிலேயே சொன்னார். அவர் சாப்பிடவில்லை என்பதை அந்த அம்மாளின் முகமே சொல்லிற்று. உள்ளே செக்குபந்தியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"தமிழய்யா சொன்னது நெசம்தான் தம்பி" என்றார் திரும்பாமலே. "ஏழு வருஷம் கையைக் கட்டிக் காவல் காத்தேன். எனக்குத் தெரியாமலே எழுதியிருக்கு. எனக்கு வேற ஒண்ணும் வராது. நான் பத்திரக்காரன்தான்."

அந்த நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், என் குட்டு வெளிப்படாது. அவர் தன்னையே நொந்துகொண்டு போயிருப்பார். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு மூன்று மூச்சு வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

"அய்யா, அது நீங்க எழுதினது இல்ல. நான் எழுதினது."

திரும்பினார். "நீ எதுக்கு எழுதின?"

"நான் எழுதலைங்க. கை எழுதிடுச்சு. தினம் எழுதற கை."

எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் எழுதலை?" என்றார். "நான் எழுதலை! ஏய் ராஜம்மா, நான் எழுதலையாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். மூன்று நாள் பட்டினி கிடந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதோடு நின்றிருக்கக் கூடாதா? அவர் புத்தி பத்திரக்காரர் புத்தி. மூலப் பத்திரம்வரை போகாமல் விடாது.

"ஆனா தம்பி, கதை அந்த இடத்துல என்ன, அவன் என்ன பேசப் போறான்னு உனக்குத் தெரியுமே. எப்படிக் கவனிக்காமப் போன?"

"நான் படிக்கலைங்க அய்யா."

"கடைசி அத்தியாயம் படிக்கலையா?"

"எதுவுமே படிக்கலைங்க. நான் பாத்து எழுதறவன். படிச்சா எழுத வராது."

என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "பதினாலாம் அத்தியாயத்துல அழுகை வந்துச்சுன்னியே. விசாலாட்சி செஞ்சது சரின்னியே. அவ என்ன செஞ்சா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. தெலுங்கில்கூடத் திட்டவில்லை. "அப்ப, யாருமே படிக்கலை" என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அரக்கு உடையாத அந்தக் கட்டை மடியில் வைத்திருந்த முகம்தான் எனக்கு நினைவு வந்தது. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவருடைய கையெழுத்துப் பிரதி என் அறையில்தான் இருந்தது. இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். படிப்பது எனக்கு மறந்தே போயிருந்தது. பேனாவைக் கையில் எடுத்தால் வேலை கெட்டுவிடும் என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தேன். மகத்தான நாவல் என்று நான் சொல்ல மாட்டேன். சுந்தரேசன் அடிக்கடி மூர்ச்சை போட்டு விழுகிறான். வில்லன் இருமிக்கொண்டே வருகிறான். ஆனால் அந்த விசாலாட்சி இருந்தாள். வாசற்படியில் நின்று தெருவைப் பார்க்கிற மாதிரி பாசாங்கு செய்துகொண்டு சுந்தரேசனைப் பார்க்கிற ஒரு பெண். ராஜம்மா பொறாமைப்பட்டது நியாயம்தான். கடைசி அத்தியாயத்துக்கு வந்தேன். ஏரிக்கரை, பஸ், சுந்தரேசன். நான் தின்றுவிட்ட வரி அங்கே இருந்தது.

'விசாலா! இன்று முதல் எந்த ஊரில் மழை பெய்தாலும், நீ நனைகிறாயோ என்றுதான் எனக்கு நினைப்பு ஓடும்.'

பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். இதையா நான் எடுத்துவிட்டுச் சர்வ சுதந்திர பாத்தியத்தைப் போட்டேன்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பிரதியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "படிச்சிட்டேன் அய்யா" என்றேன். அவர் நம்புவதாக இல்லை. வக்கீல் சாட்சியைப் பார்க்கிற மாதிரி ஏற இறங்கப் பார்த்தார்.

"சுந்தரேசன் வீட்டுப் பசுவுக்கு என்ன பேரு?"

"ரெண்டாம் அத்தியாயத்துல லட்சுமி. ஏழாம் அத்தியாயத்துல கௌரின்னு ஆயிடுச்சு."

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க. ஒம்பதுல காளையாவும் ஆயிடுச்சு."

அவர் முகம் சிவந்தது. நான் பயந்துவிட்டேன். ஆனால் கோபத்தில் சிவந்ததாகத் தெரியவில்லை. பாயில் இடம் ஒதுக்கி, "உக்காரு" என்றார். "அப்புறம்?"

"அப்புறம், கோவிச்சுக்காதீங்க. பதினோராம் அத்தியாயம் இழுக்குதுங்க."

"இழுக்குதா!" என்று துள்ளிவிட்டார். "எங்க இழுக்குது? காட்டு!"

"சந்தைக்குப் போற வழிங்க. இருபத்தி ரெண்டு பக்கம் நடந்துகிட்டே இருக்காங்க. வழியில இருக்கற ஒவ்வொரு தோட்டத்துக்கும் சுத்துமுத்தும் யாரு நிலம்னு சொல்லிகிட்டே போறீங்க."

"ராஜம்மா! பதினோராம் அத்தியாயம் இழுக்குதாம்! தம்பிக்கு டிபன் எடுத்துட்டு வா!" என்று வீடு அதிரக் கூவினார். பாராட்டியபோதெல்லாம் பார்க்காத சந்தோஷத்தை அந்த முகத்தில் அன்றுதான் பார்த்தேன். குற்றம் சொல்லச் சொல்ல மனிதர் இளைஞராகிக்கொண்டே வந்தார். கடைசியில் ஏரிக்கரைக்கு வந்தோம். மழை வரியை நானே உரக்கப் படித்தேன். பாதியில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. அவர் சந்தேகத்தோடு குனிந்து, என் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார்.

"நெசமாவே வருதே" என்றார்.

அன்று பூராவும் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முந்நூறு பிரதியையும் திருத்தினோம். அடிக்கிறதற்கும் பத்திர வழக்கத்தில் முறை உண்டு. கறுப்பாகப் பூசி மறைக்கக் கூடாது. அடித்தது படிக்கும்படி ஒரே கோடுதான் போட வேண்டும். அவர் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட, ஓரத்தில் நான் மழை வரியை எழுதினேன். முந்நூறு தடவையும் படித்துக்கொண்டே எழுதினேன். அதனால் என் கையெழுத்து அன்றைக்கு மகா கோணல். இரண்டு வரியும் தெரிகிறதில் முனியப்பாவுக்குப் பரம திருப்தி. "நல்ல பேச்சும் இருக்கு, செல்லுபடியாகற பேச்சும் இருக்கு" என்று ஒரு பிரதியை வாங்கி, யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வதாக மடியில் செருகிக்கொண்டு மலையேறினார். தமிழய்யாவும் வந்தார். நின்றபடியே ஓரத்து வரியைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவது அந்த ஊரில் பட்டம் வாங்கின மாதிரி.

செக்குபந்தியார் அதற்கப்புறம் நாவல் எழுதவில்லை. மரத்தடியில் பத்திரம்தான் எழுதினார். எனக்கு மாற்றல் ஆகிக் கிளம்பியபோது பஸ் நிலையத்துக்கு வந்து, ஜன்னல் வழியாக ஒரு பிரதியை நீட்டி, "இன்னொரு தடவை படிப்பியா தம்பி?" என்று கூச்சத்தோடு கேட்டார். படிக்கிறேன் என்றேன். அந்த ஒரு வாக்கை நான் காப்பாற்றிவிட்டேன். அவர் காலமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இதுவரை எட்டுத் தடவை படித்திருக்கிறேன். பதினோராம் அத்தியாயம் இன்னும் இழுக்கத்தான் செய்கிறது. அதைப் போய் அவரிடம் சொல்ல முடியவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.